அளவுக்கு நின்ற அக்கா

கல்யாணமாகி சிவகாசிப் பக்கம் குடி வரும்வரை எனக்குப் பட்டாசு என்றால் தீபாவளி மட்டும்தான். நான் பிறந்தது காரியாபட்டிக்குத் தெற்கே, பருத்தியும் மிளகாயும் போடுகிற ஊர். என் கணவர் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற வேலையில் இருந்தார். காலண்டர், நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் என்று சீசன் நேரத்தில் வீட்டுக்கு வரவே பொழுது சாய்ந்துவிடும். ஆமத்தூர் போகிற ரோட்டில், வீடுகள் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில், ஒரே கூரையின் கீழ் மூன்று குடித்தனங்கள் கொண்ட ஒரு வரிசை வீடு. நடுப்பகுதி எங்களுக்கு. வலதுபக்கம் பூட்டிக் கிடந்தது. இடதுபக்கம் ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். முன்னால் பொதுவான முற்றம், ஒரு குழாய், ஒரு சிமென்ட் தொட்டி.

அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். பிள்ளை இல்லை. ஒடிசலான, உயரமான உடம்பு. நடந்தால் அவருடைய நூல்சேலை சத்தமே போடாது. நாங்கள் சாமான் இறக்கிய அன்று கேட்காமலே வந்து பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். முற்றத்து மூலையில் தகரம் போட்ட ஓர் அடுப்படியைக் காட்டி, “நான் உலை வைக்கிறது இங்கனதான். காத்தாட இருக்கும்” என்றார். வீட்டுக்குள் சமையலறை இருக்கும்போது வெயிலில் எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அவர்கள் வீட்டுப் பின்னறை ஜன்னலுக்கு உள்பக்கம் அட்டை வைத்து ஆணி அடித்திருந்தது. அந்த அறையில் ஒருநாளும் பல்பு எரிந்து பார்த்ததில்லை. அண்ணன் (அக்காவின் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) காலையில் தன் செல்போனை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போவார். அழைப்பு வந்தால் நான் எடுத்து, யார் பேசினார்கள் என்று பொழுதடைய அவரிடம் சொல்ல வேண்டும். அவ்வப்போது ஓர் ஆம்னி வேன் பின்பக்கமாக வந்து நிற்கும். அட்டைப் பெட்டிகள் ஏறும். டிரைவர் இறங்குவதும் இல்லை, பேசுவதும் இல்லை.

“அவுக வீட்டுல மருந்து வேலை நடக்குதா?” என்று என் கணவரிடம் கேட்டேன். அங்கே மருந்து என்றால் வெடிமருந்து என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

“பேன்சி வெடி கட்டுறாக. லைசென்ஸ் கிடையாது. வீட்டு ஓனருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். நீ ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல. சீசன் முடியட்டும், வேற வீடு பாப்போம்” என்றார்.

சீசன் தீபாவளிக்கு முடியும். அப்போது ஆனி மாதம்.

நான் கல்யாணத்துக்கு முன்பே தையல் படித்தவள். ஜாக்கெட், சுடிதார், நைட்டி எல்லாம் தைப்பேன். விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற ஒரு வீட்டுக்கு வழக்கமாகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பெண் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தது. ஆடி பிறக்கிற சமயத்தில் ஊருக்கு வந்தபோது என்னை வரச்சொல்லி, ஒரு பென் டிரைவையும் ஒரு துணிப் பொட்டலத்தையும் கையில் கொடுத்தது.

“அக்கா, இது ஒரு டிரெஸ் பேட்டர்ன். வெளிநாட்டு வெப்சைட்ல இருந்து டவுன்லோடு பண்ணினது. வீட்டுக்காரர்கிட்ட சொல்லி பிரிண்ட் எடுத்து, ஒட்டி, அதை வச்சு அப்படியே வெட்டணும். உடம்போட ஒட்டி நிக்கணும். எங்க கம்பெனியில ஒரு பார்ட்டி இருக்கு.”

துணியைப் பிரித்தேன். பனியன் துணிபோல இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. ஆனால் பருத்தி இல்லை. பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்தது. ஏறக்குறையக் கறுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் கத்தரிப்பூ நிறம். கையில் வைத்தபோதே உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

பேட்டர்ன் என்பது எனக்குப் புதிது. நான் பழகியதெல்லாம் இஞ்ச் டேப்பும் சாக்கட்டியும்தான்; துணிமேல் நேராகக் கோடு போட்டு வெட்டிவிடுவேன். இதில் ஓர் உடுப்பின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் துண்டு துண்டாகச் சாதாரணத் தாள் அளவுக்குப் பிரிந்து கிடந்தன. என் கணவர் அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்தார். முதல் தாளில் ஒரு சதுரம் போட்டு, இதை அளந்து சரிபார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார். அளந்தேன். நூலளவு குறைந்தது. பிரிண்டர் தாளுக்குள் அடங்க வேண்டும் என்று படத்தைத் தானாகவே சுருக்கிவிட்டிருந்தது. மறுநாள் திரும்ப எடுத்து வந்தார். அந்தச் சதுரம் சரியாக இருந்தது.

ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்றில் ஈரமே இருக்காது. உதடு வெடிக்கும், காயப்போட்ட துணி விறைத்துப்போகும். கதவைச் சாத்திக்கொண்டு தாள்களைத் தரையில் பரப்பி, ஓரத்தில் இருந்த அடையாளம் பார்த்து ஒன்றோடு ஒன்றைச் செலோடேப்பால் ஒட்டினேன். மூலைகளில் அம்மிக் குழவி, இஸ்திரிப் பெட்டி, அரிசிப் படி. ஒட்டி முடித்தபோது ஒரு பெண்ணின் உடம்பு பாதி பாதியாகத் தரையில் கிடந்தது.

தாளை வெட்டி எடுத்து அளந்து பார்த்தால் மார்பளவு அந்தப் பெண் சொன்ன அளவைவிடக் குறைவு. இடுப்பும் அப்படித்தான். போன் போட்டேன்.

“தப்பா வந்திருக்கேம்மா. உன் உடம்பைவிடச் சட்டை சின்னதா இருக்கு.”

“அது அப்படித்தான்க்கா இருக்கணும். துணி இழுத்துக் குடுக்கும்ல? பேட்டர்ன்ல இருக்கிற மாதிரியே வெட்டுங்க” என்றது.

உடம்பைவிடச் சிறியதாக ஓர் உடுப்பை நான் அதுவரை வெட்டியதில்லை. தாளைத் துணிமேல் வைத்து இன்னொரு தடவை அளந்துவிட்டுத்தான் கத்தரியை வைத்தேன்.

வெட்டத் தொடங்கியதும் துணி தன் குணத்தைக் காட்டியது. பொட்டலத்திலிருந்து உருவினால் சடசடவென்று சத்தம். கீழே கிடந்த தாள் துணுக்குகள் எழும்பி வந்து அதில் ஒட்டின. என் முழங்கை ரோமம் அதைப் பார்த்து எழுந்து நின்றது. வெட்டிய துண்டுகளை மடித்து வைத்துவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டேன். விரல் நுனியில் சுரீர் என்று ஒரு கடி. கண்ணால் பார்க்க முடிகிற பொறி ஒன்று தெறித்தது.

அன்று மத்தியானம் அக்கா வந்தார். புதுத் துணி எது வந்தாலும் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். என்னிடமிருந்து ஒரு துண்டை வாங்கக் கை நீட்டினார். எங்கள் விரல்கள் தொடுவதற்கு முன்பே இடையில் டிக் என்று அடித்தது. அக்கா கையை உதறிக்கொண்டு பின்னால் போனார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இது என்ன நூலு?”

“பாலியஸ்டர்க்கா. காத்து காய்ஞ்சு கிடக்குல்ல, அதான்.”

அவர் தொட்டிக்குப் போய் இரண்டு கையையும் முழங்கைவரை முக்கி எடுத்தார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார்.

“பட்டாசுக் கம்பெனில வேலை பாக்கும்போது கேட்டுலயே தடவிப் பாப்பாக. நைலக்ஸ் சேலை கட்டியிருந்தா திருப்பி அனுப்பிருவாக. ரூமுக்கு வெளிய பித்தளைத் தகடு பதிச்சிருக்கும், உடம்புல இருக்கிற கரண்டு இறங்க அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போகணும். மறந்துபோய் நேரா போயிட்டா போர்மேன் கத்துவாரு.”

“இப்ப உங்க வீட்டுல தகடு இருக்காக்கா?” என்று கேட்டுவிட்டேன். நாங்கள் அதைப்பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

“தரைதான்” என்றார். “வெறுங்காலோட போவோம்.”

துண்டுகளைக் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டு இணைத்தேன். ஒட்டி நிற்கிற உடுப்பு என்பதால் உடம்பில் போட்டுப் பார்க்காமல் கடைசித் தையல் போட முடியாது. அந்தப் பெண்ணோ பெங்களூரில். நான் குட்டை, இடுப்பும் அகலம். அந்தப் பெண்ணின் உயரமும் வாகும் அப்படியே இருந்தது அக்காவிடம்தான். அது எனக்குத் தோன்றிய கணமே வேண்டாம் என்றும் தோன்றியது. ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே கேட்டார்.

“அது முடிஞ்சிருச்சா? நான் ஒரு தடவை போட்டுப் பாக்கட்டா?”

“வேண்டாம்க்கா. உங்களுக்கு வேலை இருக்கும்ல.”

“இன்னைக்கு உள்ள வேலை இல்ல. அவுக சாத்தூர் வரைக்கும் போயிருக்காக, சரக்கு வாங்க. வர நேரமாகும். நானெல்லாம் சேலையை விட்டா என்னத்தக் கண்டேன்? ஒரு தடவை போட்டுட்டுக் கழட்டிர்றேன்.”

கேட்டபோது அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல இருந்தது. சரி என்றேன்.

பொழுது சாய்கிற நேரம். எங்கள் உள்ளறையில் போட்டுக்கொண்டு கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டினார். “ஏத்தா, காலு தெரியுது” என்று சிரித்தார். வெளியே இழுத்துப் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினேன். தோளிலிருந்து முட்டிவரை ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. நான் அவரை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அவரும் தன்னைப் பார்த்திருக்க மாட்டார். கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

“மூச்சு விட்டாக்கூடத் தெரியுதே, தங்கச்சி.”

இடுப்பில் பிடிக்க வேண்டிய இடத்தில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் போகாத நாள் இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அறை மங்கியது. ஜன்னல் வழியே காற்று மண்ணை வாரி அடித்தது. அதற்கு மேல் அண்ணனின் மொபெட் சத்தம் கேட்டது.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. மொபெட் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றது. கதவு திறக்கிற சத்தம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

“ஏய், எங்கன இருக்க? சீக்கிரம் வா. காத்து தூக்குது, சல்லடையை ஒரு கை பிடி.”

“வாரேன்” என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. உள்ளறைக்குள் ஓடினார். ஊசி குத்தியிருந்ததால் தனியாகக் கழற்ற முடியவில்லை, என்னைக் கூப்பிட்டார். நான் கீழ் ஓரத்தைப் பிடித்து, அவர் தலைக்கு மேலாக உரித்தேன்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. காய்ந்த சுள்ளி மொத்தமாக முறிவதுபோல. அந்த இருட்டில் துணிக்கும் அவர் தோளுக்கும் இடையில் நீலமாகப் பொறிகள் ஓடின. ஒன்றல்ல, வரிசையாக. துணி தலையைத் தாண்டி வெளியே வந்தபோது அவர் கூந்தல் இழை இழையாகப் பிரிந்து துணியின் பின்னாலேயே வந்தது.

உள்ளாடையோடு அக்கா நின்றார். தன் இரண்டு கைகளையும் விரித்து, யாருடைய கைகளையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ஏய், வாரியா இல்லையா?” என்று சுவர் வழியே மறுபடி குரல்.

“போகாதீகக்கா” என்றேன்.

அவர் சேலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். இடதுபக்கம் திரும்பவில்லை. நேரே தொட்டிக்குப் போய் வாளியில் தண்ணீர் மொண்டு தலையோடு ஊற்றினார். இன்னொரு வாளி. அப்புறம் மண்ணில் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி அப்படியே இருந்தார். சொட்டச் சொட்ட எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார்.

வாசல்வரைக்கும்தான் போயிருப்பார். அண்ணன் எதிரே வந்துவிட்டார். அவர் கைகள் முழங்கைவரை ஈயம் பூசினதுபோல வெள்ளியாய் இருந்தன. அக்காவைப் பார்த்ததும் கத்தினார்.

“நில்லு! ஈரத்தோட உள்ள வராத! அலுமினியப் பொடியைக் கொட்டிக் கலந்துக்கிட்டிருக்கேன். தண்ணி பட்டா சூடேறிப் போகும். கூறு இல்லையா உனக்கு?”

அக்கா பின்னால் வந்து முற்றத்து நடுவில் நின்றார். காய்ந்தும் போக முடியாது, நனைந்தும் போக முடியாது. காற்று அவர் சேலையை உடம்போடு சேர்த்து அடித்தது.

அண்ணன் பார்வை என் பக்கம் திரும்பியது. என் கையில் அந்த உடுப்பு இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு வெளியே வந்திருப்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

“அது என்ன துணி?”

நான் சொன்னேன். அவர் அருகில் வரவில்லை. ஓர் அடி பின்னால் போனார்.

“ஏம்மா, இதை இந்த வீட்டுல வச்சுத் தைக்கலாமா? சுவருக்கு இங்கிட்டு நான் என்ன வச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாதா?”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. “நீங்க அதை இந்த வீட்டுல வச்சுக் கலக்கலாமாண்ணே?” என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். காற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பின்னறைக் கதவை மூடவில்லை என்பது நினைவு வந்ததுபோலத் திரும்பி நடந்தார்.

“நான் வரல” என்று அக்கா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். “இன்னைக்கும் வரல. நாளைக்கும் வரல.”

மறுநாள் அவர் சொன்னபடியே உள்ளே போகவில்லை. என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டிக் கொடுத்தார். அந்த உடுப்பை நான் வீட்டில் வைத்திருக்கவில்லை. காலையிலேயே சிவகாசிக்குள் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

“எம்புட்டு வருஷமா உள்ள போய் வாரேன்” என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது வெளிய இருக்கிற பயம். மருந்துல இருக்கு, கல்லுல இருக்கு, ஆணில இருக்குன்னு பாத்துப் பாத்து நடப்போம். நேத்து அது என் மேலயே ஓடுச்சு, பாத்தியா? எறும்பு ஊர்ற மாதிரி. அதுக்கப்புறம் எப்படிப் போக?”

அண்ணன் தனியாகவே வேலை பார்த்தார். கலப்பது, சலிப்பது, அடைப்பது எல்லாம் ஒரே ஆள். புரட்டாசி நெருங்க நெருங்க ஆம்னி வேன் அடிக்கடி வந்தது. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். செல்போனையும் எங்கள் வீட்டில் கொடுப்பதில்லை. முற்றத்துக்கு வெளியே நின்ற வேப்பமரத்துக் கிளையில் ஒரு பையைக் கட்டி அதில் போட்டுவிட்டுப் போவார். அது மணியடித்தால் அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தங்கள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. தட்டு நகர்கிற சத்தம், தூரிகை தேய்க்கிற சத்தம், இருமல். சத்தம் நின்றால் தையலை நிறுத்துவேன். மறுபடி கேட்டால்தான் பெடலில் கால் வைப்பேன். அக்காவும் அதே நேரத்தில் நூலைக் கையில் பிடித்தபடி நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

என் கணவர் வீட்டு ஓனரைப் போய்ப் பார்த்தார். “தீபாவளி கழியட்டும் தம்பி, நானே அவுகளைக் காலி பண்ணச் சொல்றேன்” என்று பதில் வந்தது. விருதுநகரில் வேறு வீடு தேடத் தொடங்கினோம்.

உடுப்பை அந்த ஓவர்லாக் கடையிலேயே வைத்து முடித்தேன். அந்தப் பெண் ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றது. தோள், இடுப்பு, நீளம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. “பேட்டர்ன்ல இருக்கிற போட்டோவைவிட நல்லா இருக்குக்கா! யார் மேல வச்சு அளவு பாத்தீங்க?” என்று கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா என்றேன். “அவங்களுக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க” என்று சிரித்தது.

அடுத்த வாரம், ஒரு முற்பகல். காற்று அடங்கி லேசாகத் தூறிவிட்டு நின்றிருந்தது. காலையில்தான் வேன் வந்து கட்டி வைத்த பெட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. அதனால்தான் இன்றைக்கு இதை எழுத நான் இருக்கிறேன். அக்காவும் நானும் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தோம்.

வெடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. யாரோ பெரிதாக மூச்சை இழுத்ததுபோல ஒரு சத்தம். பின்னறை ஜன்னலில் அடித்திருந்த அட்டையைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை வெளிச்சம் கோடு போட்டது. கூரைச் சிமென்ட் ஷீட் படபடவென்று விரிசல் விட்டது. அட்டை தானாகக் கழன்று விழ, வெள்ளைப் புகை கொப்பளித்து வந்தது.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அக்கா என் கையிலிருந்து அதைத் தட்டிவிட்டார்.

“தண்ணி ஊத்தாத! மண்ணு! மண்ணை அள்ளு!”

அண்ணன் பின்கதவு வழியாக வெளியே வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யாரிடமோ எதையோ கொண்டு போய்க் கொடுப்பவர்போல. புருவம் இல்லை. கைகளில் தோல் இருந்தது, ஆனால் அது அவருடையதாக இல்லை. “உள்ள ஒண்ணும் இல்ல, உள்ள ஒண்ணும் இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா முந்தானை நிறைய மண் அள்ளி வாசலில் கொட்டிக்கொண்டே இருந்தார். புகைக்குள் மீதி இருந்தது கொஞ்ச நேரம் சீறிவிட்டு அடங்கியது.

யார் சொல்லியோ அதே ஆம்னி வேன் வந்தது. போலீஸ் கேஸாகிவிடும் என்று பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை; மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஈரக் கையோடு, கட்டிய சேலையோடு அக்கா ஏறிக்கொண்டார். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது.

புகை வாடை போவதற்குள் வீட்டு ஓனர் வந்தார். எங்களைப் பார்த்துப் பேசாமல், தெருவில் கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: “அடுப்பு வெடிச்சிருச்சு. அம்புட்டுதான்.” எல்லோரும் முற்றத்து மூலையில் தகரத்தின் கீழ் ஒழுங்காக இருந்த அடுப்பைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எதனால் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தூறலாக இருக்கலாம். தட்டில் விழுந்த ஒரு மணல் பரலாக இருக்கலாம். தனியாக வேலை பார்த்த அசதியாக இருக்கலாம். அந்த உடுப்பு அதற்கு வெகுநாள் முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டது. அதன் நூல்கூட அங்கே இல்லை. இதை நான் பலமுறை எனக்குள் சரிபார்த்திருக்கிறேன். அக்கா அன்று உள்ளே இல்லை என்பதையும் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்திருந்தால் வேலை பாதியாகக் குறைந்து, அப்படி ஆகாமலே போயிருக்குமோ என்றும் ஒரு நினைப்பு வரும். அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்காமல் எழுந்து ஏதாவது வேலை பார்ப்பேன்.

அவர்கள் திரும்பி வரவில்லை. ஒருநாள் அண்ணனின் தம்பி என்று ஒருவர் வந்து பாத்திரங்களையும் மொபெட்டையும் எடுத்துப் போனார். தீபாவளிக்கு முன்பே நாங்கள் விருதுநகருக்கு மாறிவிட்டோம்.

இரண்டு வருஷம் போயிருக்கும். விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். என் தோளை யாரோ தொட்டார்கள். அக்கா. அதே ஒடிசல், அதே நூல்சேலை. கன்னம் மட்டும் ஒட்டிப் போயிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“சாப்பிட்டீகளாக்கா?”

“ஆச்சு, ஆச்சு. நீ சதை போட்டிருக்க. நல்லா இரு.”

“அண்ணன் எப்படி இருக்காக?”

“இருக்காக. உசுருக்கு ஒண்ணும் இல்ல. வலது கையில விரலெல்லாம் ஒண்ணாச் சேந்து போச்சு. டம்ளர் பிடிப்பாக. சட்டைப் பட்டன் நான்தான் போட்டு விடணும்.”

“அப்ப வேலைக்கு?”

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு, வீட்டில் சமையல் யார் என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார்: “இப்ப நான்தான் கலக்குறேன்.”

நான் அவர் கைகளைப் பார்த்தேன்.

“அவுக பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்காக. எனக்குக் கை சுத்தம்னு வேன்காரரு சொல்றாரு. அவுகளைவிட நல்லா வருதாம்.”

“அக்கா, நீங்க வர மாட்டேன்னு சொன்னீகளே. உள்ள போக மாட்டேன்னு.”

“சொன்னேன்” என்றார். “அப்ப அவுக கை நல்லா இருந்துச்சு.”

அவருடைய பஸ் வந்தது. ஊர் பெயர் சொல்லி, இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள், ஒருநாள் வா என்றார். வருகிறேன் என்றேன். கூட்டத்தோடு ஏறி ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தார். பஸ் கிளம்புகிறவரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை அசைக்கவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.

நான் அந்த ஊருக்குப் போகவில்லை. அந்தப் பக்கத்து ஊர் ஏதாவது ஒன்றின் பெயர் பேப்பரில் வருகிற நாட்களில், முழுதும் படிக்காமல் மடித்து வைத்துவிடுகிறேன்.